சாவா மூவாப் பேராடு

மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்குச் செல்லும் சாலையில், நான் ஏறியிருந்த பஸ் இரண்டு ஊர்களுக்கு நடுவே திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தபோது, அந்தப் பிரதேசத்துச் செம்மண்ணின் நிறத்தை மேனியில் வாங்கிக்கொண்டாற் போன்ற செம்மறியாட்டு மந்தை ஒன்று, அறுவடை முடிந்து தாள் மாத்திரமே நிற்கும் கழனியிலிருந்து மேலேறி, சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறத்து ஏரிக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னே ஓர் அம்மாள் வழிகாட்டிச் சென்றாள். பின்னே, தோளில் துரட்டுக்கோலைச் சாய்த்துக்கொண்டு, தலையில் துண்டு கட்டிய முதியவர் ஒருவர், கடைசிக் குட்டி சாலையைத் தாண்டும் வரையில் பஸ்ஸுக்கும் மந்தைக்கும் நடுவே அசையாமல் நின்றார். டிரைவர் ஹாரனை அழுத்தவில்லை. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லாமையாலும், நான் வீட்டை விட்டுக் கிளம்பிய காரணமே ஏறக்குறைய இந்தக் காட்சிதான் ஆகையாலும், அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரியின் மகன், பொங்கலுக்கு வந்திருந்தபோது, வயோமிங் மாகாணத்தில் வாங்கிய அட்டை ஒன்றை எனக்குக் கொடுத்தான். மாடு மேய்ப்போர் ஒழுக வேண்டிய பத்துக் கட்டளைகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது, தொடங்கிய வேலையை முடிப்பது, பேச்சைக் குறைத்துப் பொருளை நிறைப்பது, எந்த முத்திரையிட்ட மந்தைக்கு ஊழியம் செய்கிறோமோ அதற்கு விசுவாசமாக இருப்பது, விலைக்குக் கொடுக்கத் தகாதவை சில உண்டென்று உணர்ந்திருப்பது என்று இப்படிப் போயின அவை. நியூயார்க்கின் பணச் சந்தையில் வெகுகாலம் இருந்த ஜேம்ஸ் ஓவன் என்பவர், அந்தச் சந்தையின் நடத்தையைக் கண்டு மனம் நொந்து, 2004-ஆம் வருஷம் ஒரு புஸ்தகத்தில் தொகுத்தெழுதிய இந்தப் பத்தையும், வயோமிங் சட்டசபை 2010-ல் தங்கள் மாகாணத்தின் ஒழுக்க நெறியாகவே ஏற்றுக்கொண்டதாம். அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே, ஜீன் ஆட்ரி என்ற திரைப்படப் பாடகர், தம்மைக் கண்டு மயங்கிய சிறுவர்களுக்கென்று இதுபோலவே பத்து விதிகளை வகுத்துக் கொடுத்திருந்தார். “மாமா, நம்மவர்களிடம் இப்படி ஏதாவது உண்டா?” என்று பையன் கேட்டான். உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஜில்லாவில் ஆடும் மாடும் மேயாத நாளொன்றை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மேய்ப்பவரின் பக்கத்தில் ஒரு நாழிகை நின்று பேசியதுமில்லை என்ற எண்ணம், அவன் விமானம் ஏறிய பிறகும் என்னை விடவில்லை.

முதியவர் என்னை ஏரிக்கரையின் வேலமர நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆடுகள் கரைச் சரிவில் பரவின. இந்தச் செந்நிற ஆடுகளைக் கால்நடை மருத்துவர்கள் ‘மெட்ராஸ் ரெட்’, அதாவது சென்னைச் சிவப்பு என்று தனி இனமாகக் கணக்கிடுகிறார்கள். செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களே அதற்குத் தாயகம். வடக்கே சிறிது தூரத்திலுள்ள காட்டுப்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் இதன் வம்சத்தைப் பேணி வருகிறார்கள். முதியவருக்கோ அந்தப் பெயர் அவசியப்படவில்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. நெற்றிச் சுட்டி, கொம்பின் வளைவு, காதின் தொங்கல் ஆகியவற்றைக் கொண்டு உண்டான பெயர்கள். எல்லாம் உங்களுடையவையா என்று கேட்டேன்.

“இதுல என்னுது முப்பதுதான் ஐயா. மத்ததெல்லாம் வாரத்து ஆடு. ஊருல நாலஞ்சு பேரு நம்பி விட்டிருக்காங்க” என்றார்.

வாரம் என்பது நம் பக்கத்தில் பழைய ஏற்பாடு. பணமுள்ளவர் பெட்டை ஆடுகளை வாங்கி மேய்ப்பவரிடம் விடுவார். ஈனும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. தாய் ஆடுகள் விட்டவருக்கே சொந்தம். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. காதில் கத்தரித்த சிறு அடையாளம் ஒன்றே, இது இன்னாருடையது என்பதற்கு ஆதாரம். அமெரிக்காவில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தொடையில் சுட்ட முத்திரை செய்த காரியத்தை, இங்கே அரை அங்குலக் காதுவெட்டு செய்கிறது. ஓர் ஆடு செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அன்னிக்கே போயிச் சொல்லிடணும் ஐயா. காதைக் கொண்டுபோயிக் காட்டணும். ராவோட ராவா அறுத்துக் கறியாக்கிட்டு, நரி தூக்கிட்டுப் போயிடுச்சின்னு சொல்றவனும் இருக்கான். அவங்கிட்ட மறுவருசம் யாரு ஆடு விடுவாங்க?”

இப்படிச் செய்ய வேண்டும், இப்படிச் செய்யலாகாது என்று உங்களுக்குள்ளே சட்டம் போல ஏதாவது உண்டா என்றேன். அவர் சற்றே திகைத்தார். துரட்டுக்கோலால் வேலமரத்துக் கிளையொன்றை வளைத்து நெற்றுகளை உதிர்த்துக்கொண்டே யோசித்தார். குட்டிகள் ஓடி வந்து அவற்றைப் பொறுக்கின.

“சட்டம் இன்னா இருக்குது ஐயா. ஆடு வாயில்லாத சீவன். நாம பட்டினி போட்டாலும், அடிச்சாலும், வித்துத் தின்னாலும், அது போயிச் சொந்தக்காரங்கிட்டச் சொல்லாது. நாமதான் சொல்லணும்.”

என் மருமகன் கொடுத்த அட்டையில் பத்துக் கட்டளைகள் இருந்தன. அவை எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒரு வாக்கியத்தின் ஆழத்துக்கு வருமா என்பது எனக்குச் சந்தேகமே. சாட்சியில்லாத இடத்தில், பிறருடைய பொருளின் மேல், பேச முடியாத ஜீவனின் பொருட்டு, தானே சாட்சியாக நிற்பது என்பதைத் தவிர மேய்ப்பவனுடைய தர்மம் வேறு எதுவாக இருக்கக்கூடும்? அந்த அம்மாள் தூக்குவாளியிலிருந்து மோர் கலந்த கேழ்வரகுக் கூழை ஒரு குவளையில் ஊற்றி, மறுக்க இடம் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். ஆடுகள் தண்ணீர் குடித்துக் கரையேறிய பிறகே தாங்கள் இருவரும் குடித்தார்கள்.

அந்தக் கூழின் ருசியோடு சாலையில் நடந்து அடுத்த ஊரில் வேறு பஸ்ஸைப் பிடிக்கும் வரையில், பெரும்பாணாற்றுப்படையே என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு, வழியில் எந்தெந்த நிலம் எதிர்ப்படும், எந்தெந்த மக்கள் என்ன உணவு தருவார்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஐந்நூறு அடிகளில் விஸ்தரிக்கும் அந்த நூல், நான் நடந்த இந்தத் தொண்டை நாட்டைப் பற்றியதுதான். அதில் ஆயர் குடியிருப்பு வருகிறது. ஆடுகள் கட்டிக் கிடக்கும் முற்றம் வருகிறது. வழிப்போக்கனுக்குப் பாலோடு தினைச்சோறு கிடைக்கும் என்ற உறுதி வருகிறது. அங்கே ஓர் ஆய்மகள், விடியலில் தயிர் கடைந்து, மோரை விற்றுத் தானியமாக மாற்றிச் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய் விற்ற விலைக்கோ பொன்னை வாங்க மறுத்து, எருமையும் நல்ல பசுவும் நாகுமாகவே பெற்றுக்கொள்கிறாள். பொன் ஈனாது, பசு ஈனும் என்ற கணக்கை மாத்திரம் இதில் பார்ப்பவர்கள் உண்டு. பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய செல்வத்தைக் காட்டிலும், தினமும் புல்லும் நீரும் காட்டிக் காத்துத் தீர வேண்டிய செல்வத்தையே அவள் விரும்பினாள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலைக்குக் கொடுக்கத் தகாதவை உண்டென்று வயோமிங் சட்டசபை தீர்மானித்ததற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னே, மோர்ப் பானை சுமந்த ஒரு பெண்ணின் நடத்தையில் அது இருந்திருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. மலைமேல் வேதகிரீசுவரர், கீழே ஊர் நடுவே பக்தவத்ஸலர், நாள்தோறும் உச்சிக்காலத்தில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து அமுதுண்டு சென்ற பிரஸித்தியால் ஊருக்கே பக்ஷி தீர்த்தம் என்ற பெயர் வழங்கிற்று. அந்தக் கழுகுகள் வருவது நின்று வருஷங்கள் பல ஆகிவிட்டன. நான் மலை ஏறவில்லை. என்னை இழுத்தவை இந்த ஊர்ச் சாஸனங்கள்.

அவற்றுள் ஒன்று, சோழ மன்னன் ஆதித்தனுடைய இருபத்தேழாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. அதாவது 9-ஆம் நூற்றாண்டின் முடிவு. ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதை அப்படியே காத்தான். அதே தானத்தைத் தானும் காப்பதாக ஆதித்தன் இதில் பிரதிக்ஞை செய்கிறான். பல்லவ ராஜ்யத்தை வென்று தனதாக்கிக்கொண்ட சோழன், அந்தப் பல்லவனுக்கும் முன்னே ஒருவன் கொடுத்த வாக்கைத் தன் வாக்காக ஏற்றுக்கொள்ளுகிறான் என்பதை நினைக்கும்போது, ராஜ்யங்கள் அழிவதற்கும் வாக்கு அழிவதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்ற அந்தக் காலத்தாரின் எண்ணம் விளங்குகிறது. ஆனால் அரசனுக்கு வாக்கைக் காப்பது சுலபம். அவனுக்கு நிலம் இருக்கிறது, படை இருக்கிறது, கல் வெட்டும் தச்சன் இருக்கிறான். ஆட்டிடையனுக்கு என்ன இருந்தது?

தமிழ்நாட்டுக் கோயில்களின் சுவர்களில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கும் விளக்குச் சாஸனங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். ஒருவர் தம் புண்ணியத்துக்காகவோ, இறந்துபோன உறவினரின் பொருட்டோ, சந்நிதியில் இரவும் பகலும் அணையாத நந்தாவிளக்கு ஒன்று எரியவேண்டுமென்று விரும்பினால், தொண்ணூறு ஆடுகளையோ தொண்ணூற்றாறு ஆடுகளையோ கோயிலுக்குக் கொடுப்பார். கோயில் அவற்றைத் தானே வைத்துக்கொள்வதில்லை. மன்றாடி என்று சாஸனங்கள் குறிக்கும் இடையன் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளந்து வருவான். பாலும் குட்டியும் அவனுக்கு. உழக்கு நெய் தெய்வத்துக்கு. ஆடு நோயில் விழலாம், ஓநாய் கொண்டுபோகலாம், வயதாகிச் சாகலாம். பிறந்த குட்டிகளைக்கொண்டு எண்ணிக்கையை அவன் நிரப்பிவிட வேண்டும். தொண்ணூற்றாறு என்றால் என்றைக்கும் தொண்ணூற்றாறு. ஆகையால் அந்த மந்தைக்குச் சாஸனம் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’.

சாகாத ஆடு உலகத்தில் எங்கே இருக்கிறது? மூப்படையாத ஆட்டை எவன் கண்டான்? ஆடு மேய்த்தவர்களுக்கு இது தெரியாதா? ஆட்டின் ஆயுள் எத்தனை வருஷம் என்பதை அவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் இல்லை. அறிந்தேதான், சந்திராதித்தர் உள்ளவரையில் என்ற எல்லைக்கு உடன்பட்டார்கள். ஆடுகள் மாறி மாறி இறக்கும், எண்ணிக்கை இறக்காது. மேய்த்தவன் இறப்பான், அவன் மகன் அளப்பான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ஏற்படுத்திய விளக்குகளுக்கு, தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை என்று கணக்கு விதித்து, ஒவ்வொரு விளக்குக்கும் பொறுப்பேற்ற இடையனுடைய பெயரையும், அவனோடு அந்தப் பொறுப்பில் நிற்கும் உறவினர்களுடைய பெயர்களையும், கல்லிலே வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி வெட்டிய அதே கோயிலில், அதே எழுத்தில், ஆட்டிடையர்களின் பெயர்களும் நிற்கின்றன. ஓர் உழக்கு நெய்யினால் அவர்கள் அந்த இடத்தைப் பெற்றார்கள். காலையில் ஏரிக்கரையில் கேட்ட வாரத்து ஆட்டின் நியாயமும் இதுதான் என்று எனக்குத் தோன்றியபோது, பக்தவத்ஸலர் சந்நிதியின் விளக்கைச் சற்று அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்படிப்பட்ட ஜனங்களை நாம் என்ன செய்திருக்கிறோம்! படிப்பு வராத பிள்ளையை வைய வேண்டுமானால், ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கும் ஓர் உபாத்தியாயர் அதைச் சொன்னார். மனக்கணக்கில் தவறு செய்ததற்காக அவர் அப்படிச் சொல்ல, என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த ஓர் இடையர் வீட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வசவு எனக்கு, அடி பட்டது அவனுக்கு. தொண்ணூறும் நூறும் உருப்படிகளை அந்தி மயங்கும் வேளையில், அசைந்துகொண்டே இருக்கும் மந்தையில், ஒன்றும் பிசகாமல் எண்ணத் தெரிந்த வீட்டுப் பையன் அவன். இத்தனை வருஷம் கழிந்தும் அந்தக் குனிந்த தலை என் கண்ணில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தை ஓதுகிற நாம் மாதரியை மறக்கலாமா? மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைப்பது அரசன் மகளிடத்திலோ வணிகன் வீட்டிலோ அல்ல. பால்மடை கொடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இடைக்குல மூதாட்டியிடத்தில். ஆ காத்து ஓம்பி அதன் பயனைப் பிறருக்கு அளிக்கும் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பதே அந்தத் துறவி சொல்லும் காரணம். கோவலன் கொலையுண்டதில் மாதரியின் குற்றம் அணுவளவும் இல்லை. ஆயினும் அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீயிலே விழுந்து உயிர் விட்டாள் என்பதை, வெகு தூரம் கழித்து, வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயால் இளங்கோவடிகள் நமக்குத் தெரிவிக்கிறார். அந்த முடிவை நான் போற்றச் சொல்லவில்லை. எந்த உயிரும் அப்படி மாய வேண்டியதில்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்டதற்குத் தானே ஜவாப்தாரி என்ற எண்ணம் அந்தக் குலத்தில் எவ்வளவு ஆழம் பாய்ந்திருந்தது என்பதற்கு அதைக் காட்டிலும் சான்று ஏது?

பிற்பகல் இரண்டு மணிக்கு மாமல்லபுரம் சேர்ந்தேன். பல தடவை வந்த ஊர். பாணனுக்கு உருத்திரங்கண்ணனார் காட்டிய நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். அது மெய்யானால் நான் காலையிலிருந்து வந்த வழி மிகப் பழைய வழிதான். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அன்று போகவில்லை. தபசுப் பாறையைப் பார்த்தபடியே அதற்குத் தெற்கே சில அடிகள் நடந்து, கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைந்து, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியிலிருக்கும் தூண்கள் விஜயநகர காலத்தில் கட்டியவை. உள்ளே இருக்கும் பாறைச் சிற்பமோ 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பு. ஏறத்தாழ 29 அடி நீளமுள்ள ஒரே பாறை முகத்தில், இந்திரன் பெய்வித்த கல்மழையிலிருந்து ஆயர்களையும் ஆநிரையையும் காக்கக் கண்ணன் கோவர்த்தனத்தைத் தூக்கி நிற்கிறான். புராணத்தைச் சொல்ல வேண்டுமானால் சிற்பி கண்ணனோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவ்வாறு நிறுத்தாமல், அந்த மலையின் கீழே ஓர் ஆயர்பாடி முழுவதையும் அவன் குடியேற்றியிருக்கிறான். பலராமன் ஒரு வயோதிக ஆயனைத் தோளோடு அணைத்துத் தேற்றுகிறான். ஒருவன் குழல் ஊதுகிறான். ஒருத்தி தலையில் சுமையோடும் கையில் பானைகளோடும் வருகிறாள். ஒருவன் கோடரியைத் தோளில் சார்த்தியிருக்கிறான். இவர்களுக்கு நடுவே, முழங்கால்களுக்கிடையில் கலயத்தை இடுக்கி ஒருவன் பால் கறக்க, பசு தன் கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பசுவின் முன்னேதான் நான் வெகுநேரம் இருந்தேன். வானம் இடிந்து விழுகிற வேளை அது. மலையொன்று ஒரு கையின் மேல் நிற்கிறது. அந்தச் சமயத்திலும் கறவை நேரம் வந்துவிட்டபடியால் ஒருவன் உட்கார்ந்து கறக்கிறான். கன்றுக்கு விட்ட பிறகே கறக்கிறான் என்பதை பசு கன்றை நக்கும் நிதானத்திலிருந்து அறியலாம். கன்றைப் பட்டினி போட்டுக் கறந்தால் பசு அப்படித் திரும்பாது என்று எனக்குத் தோன்றிற்று. இந்தச் சிற்பியோ அவனுக்கு நெருங்கியவர்களோ மாட்டுக் கொட்டிலில் இருந்து பழகியவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மல்லையில் சிம்மங்களும் யானைகளும் தேவர்களும் எத்தனையோ உண்டு; ஆனாலும் செய்கிற வேலையில் மனம் முழுவதையும் வைத்திருக்கும் ஒரு மனிதனின் உருவம் இதைப் போல மற்றொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தெய்வமான ஆயனுக்கு இந்தப் பெருஞ்சிற்பம் கிடைத்த அதே நூற்றாண்டின் முற்பகுதியில், வாதாபி கொண்ட மாமல்லனின் தந்தையான மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், செங்கம் மலைப்பக்கத்து எடுத்தனூரில், மனிதனான ஒரு காவலனுக்கும் கல் நட்டார்கள். கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காத்துப் பொருதபோது மாண்டான். கோவிவன் என்ற அவனுடைய நாய், கள்ளரைக் கடித்து, அவனருகே காத்து நின்றது. கல்லில் அந்த வீரனோடு நாயும் செதுக்கப்பட்டு, அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆநிரை கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் வகுத்த நம் முன்னோரின் போர் முறையில் களவும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கவர்ந்த ஆக்களைத் துன்புறாமல் கொண்டுவந்து ஓம்புவதையும் சேர்த்தே வெட்சிக்குத் தொல்காப்பியர் இலக்கணம் சொன்னார். அமெரிக்கச் சமவெளியிலும் உண்மை இப்படிக் கலந்ததுதான். உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபின், டெக்ஸாஸிலிருந்து கான்ஸாஸ் ரயிலடிகளுக்கு மந்தைகளை ஓட்டிச் சென்ற வாலிபர்கள், சினிமாவில் காண்கிறபடி துப்பாக்கிச் சூரர்கள் அல்லர், மாதச் சம்பளத்துக்குப் புழுதி தின்ற கூலிகள், அவர்களில் பலர் அடிமைத்தளை நீங்கிய கறுப்பினத்தவர், பலர் மெக்ஸிகர். கட்டளைகளை அச்சிட்டவர்கள் பின்னால் வந்தார்கள். இரவில் மந்தை மிரளாதிருக்கப் பாடிக்கொண்டே சுற்றி வந்தவர்கள் எதையும் அச்சிடவில்லை.

அந்த நீண்ட ஓட்டம் இருபது வருஷங்களே நடந்தது. 1874-ல் ஜோஸப் கிளிட்டன் என்பவர் முள்கம்பிக்கு உரிமை பெற்றார், வேலிகள் எழுந்தன, திறந்த புல்வெளி மூடிற்று. மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாளுவன்குப்பம் வரையில் நடந்தபோது, அதே முள்கம்பியைத்தான் இருமருங்கிலும் பார்த்தேன். சவுக்குத் தோப்புகளின் நிழலிலும் தாழம்புதர்களின் ஓரத்திலும் முன்பு மாடுகள் மேய்ந்த மணல்வெளிகள் மதில்களுக்குள் போய்விட்டன. மேய்க்கால் புறம்போக்கு என்று ஊர்க் கணக்கில் ஒரு தலைப்பு இன்னும் இருக்கிறது. ஊர்களில் அந்த நிலத்தைத் தேடினால் கட்டடத்தையோ மனைக் கல்லையோ காண்கிறோம். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராருக்கே திருப்ப வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் யாவற்றுக்கும் கட்டளையிட்டது. அது நல்ல தீர்ப்பு; அதை நிறைவேற்ற நம் மாவட்டத்தில் ஒவ்வோர் ஊராரும் குரல் எழுப்ப வேண்டும். மேய்ச்சல் தரை இல்லாமல் மேய்ப்பவரின் விசுவாசத்தை மாத்திரம் புகழ்வது, விளக்கை வைத்துவிட்டு நெய்யை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

சாளுவன்குப்பத்தில், 2004-ஆம் வருஷத்துக் கடல்கோளுக்குப் பின் வெளிப்பட்ட சாஸனத்தைத் தொடர்ந்து தொல்பொருள் இலாகாவினர் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயிலின் அஸ்திவாரம் இருக்கிறது. அங்கேயும் தூண் எழுத்துக்களில் விளக்குக்குப் பொன் கொடுத்த செய்தி வருகிறது. அலைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பினேன்.

செங்கற்பட்டுக்குப் போகும் கடைசிக்கு முந்தின பஸ், காலையில் நான் இறங்கிய ஏரியருகே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கரைக்குக் கீழே, அறுவடையான கழனி ஒன்றில், வலை கட்டிப் பட்டி போட்டிருந்தார்கள். நிலத்துக்காரருக்கு ஓர் இரவின் எரு, மேய்ப்பவருக்கு அதற்கான நெல் அல்லது பணம். யோசிக்காமல் மறுபடியும் இறங்கினேன். அந்த அம்மாள் பட்டியின் வாயிலில் நின்று, நுழையும் ஆடுகளை இரண்டிரண்டாக விரல் மடக்கி எண்ணி முடித்திருந்தாள். முதியவர் உள்ளே புகுந்து தாமும் ஒருமுறை எண்ணினார். இருவர் கணக்கும் ஒத்திருந்தது. ஒன்று குறைந்தது.

“வெள்ளக்காதியக் காணோம்” என்றாள் அவள்.

ஏரிக் கால்வாயின் அக்கரையில் கருவேலங்காடு இருண்டு கிடந்தது. காலையில் வெளிச்சம் வந்ததும் தேடலாமே பெரியவரே, பாம்பு பூச்சி இருக்குமே என்றேன். அவர் மடியிலிருந்து செல்போனை எடுத்து அதிலுள்ள விளக்கைத் தட்டினார். பழைய போன், விளக்கு இரண்டடிக்கு மேல் எட்டவில்லை.

“என்னோட ஆடா இருந்தா காலைல பாத்துக்கலாம் ஐயா. இது வாரத்து ஆடு” என்று சொல்லிவிட்டு, துரட்டுக்கோலை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார்.

நாங்கள் இருவரும் பட்டியின் ஓரத்தில் நின்று, அந்தச் சிறு வெளிச்சம் அக்கரை ஏறி, முட்புதர்களுக்குள் மறைவதும் தோன்றுவதுமாக அகன்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நாக்கை மடித்து எழுப்பிய சப்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.